தாத்தாவோட டிஸ்சார்ஜ் புக்கில் மெடல் விட்டுப்போச்சா? பட்டாள ரெக்கார்டைத் திருத்துவது எப்படி



இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்ட் இல்லை, டெர்ம் இன்ஷூரன்ஸும் இல்லை. ஒரு பழைய ட்ரங்க் பெட்டியைத் திறக்கப் போறோம். உங்க வீட்டில் அப்பாவோ தாத்தாவோ பட்டாளத்தில் இருந்தவர்னா, இதைக் கடைசி வரைக்கும் படிங்க. இல்லைன்னாலும் படிங்க. உங்க சொந்த சர்வீஸ் ரெக்கார்டுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஜூலை மாசம், ரிட்டர்ன் சீசன். சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் போன் பண்ணினார். நம்ம சேனலை ரெகுலரா பார்க்கிறவர். சொந்த ஊர் கயத்தாறு பக்கம்.

"சார், தாத்தா பட்டாளத்துல இருந்தவரு. எஃப்.டி. வட்டிக்கு பேங்க்ல டி.டி.எஸ். புடிச்சிட்டாங்க. மெடல் வாங்குனவங்களுக்கு எதுக்குமே டாக்ஸ் கிடையாதாமே? பக்கத்து வீட்டு மாமா சொன்னாரு. ரிட்டர்ன்ல எங்க காட்டணும்?"

நான் கேட்டது ஒரே கேள்விதான். "எந்த மெடல்?"

அவருக்குத் தெரியலை. டிஸ்சார்ஜ் புக்கை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மெடல் பக்கத்தில் ரெண்டே ரெண்டு வரி. சைன்ய சேவா மெடல், 9 ஆண்டு நீண்ட சேவை மெடல். டாக்ஸ் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைச்சிடுச்சு. இந்த ரெண்டுக்கும் வரிச் சலுகை கிடையாது. டி.டி.எஸ். பிடிச்சதை ரிட்டர்ன் போட்டுத் திருப்பி வாங்கிக்கலாம், அடுத்த வருஷம் ஏப்ரல்லயே 15எச் ஃபார்ம் கொடுத்துட்டா பிடிக்கவே மாட்டாங்கன்னு சொன்னேன்.

ஆனா அந்தப் பக்கத்தில் வேற ஒண்ணு கண்ணில் பட்டுச்சு. தாத்தா சேர்ந்த வருஷம் 1968. வெளியே வந்தது 1983. அப்போ 1971 போர் நடக்கும்போது அவர் யூனிஃபார்மில் இருந்திருக்கார். அந்தப் போருக்கான ஒரு மெடலும் அங்கே இல்லை.

"தம்பி, தாத்தா 71 வார்ல எங்க இருந்தாரு?"

"அகர்தலா பக்கம்னு சொல்வாரு சார். நாங்க சும்மா கதைன்னு நினைச்சோம்."

பேரன் "சும்மா கதை"ன்னு சொன்னதுதான் என்னை அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளப்பிச்சு.

கரிசல் காட்டிலிருந்து அகர்தலாவுக்கு

கயத்தாறைப் பாடப் புத்தகத்தில் எல்லாரும் படிச்சிருப்போம். 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். இன்னிக்கு நாற்கரச் சாலையில் கார்ல போறவங்களுக்குக் காற்றாலையும் டோல்கேட்டும்தான் தெரியும். உள்ளே திரும்பினா கரிசல் காடு. எல்லாம் மானாவாரி. மழை பெய்தா உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம். பெய்யலைன்னா தீப்பெட்டி ஆபீஸ், இல்லைன்னா பட்டாளம். இந்தத் தாத்தாவும் மழை ஏமாத்தின ஒரு வருஷம்தான் ஆள் எடுக்கிற இடத்தில் போய் நின்னிருக்கார்.

வயசு 76. பேச்சு தெளிவு. கருப்பட்டிக் காபியும் சேவும் வச்சுட்டு, பெட்டியைத் திறந்தார். கேட்டதுக்கெல்லாம் தேதியோட பதில் சொன்னார். 71 டிசம்பர்ல கிழக்கு எல்லை. 72 ஆரம்பத்தில் காய்ச்சல் முத்தி மிலிட்டரி ஆஸ்பத்திரி. அங்கிருந்து பழைய யூனிட்டுக்குத் திரும்பலை. வேற யூனிட்டுக்கு மாத்திட்டாங்க.

எனக்கு உடனே புரிஞ்சுது. நிதியாண்டு நடுவில் கம்பெனி மாறினவங்க ஃபார்ம் 16 கதை இது. பழைய கம்பெனி புது கம்பெனி பார்த்துக்கும்னு விட்டுடும். புது கம்பெனி அது பழைய கம்பெனி பாடுன்னு விட்டுடும். தாத்தாவோட போர் மெடல்களும் ரெண்டு யூனிட்டுக்கு நடுவில் விழுந்திருக்கு.

"ஏன் தாத்தா அப்பவே கேட்கலை?"

"கேட்டா குடுப்பானா தம்பி? உயிரோட வந்ததே பெருசுன்னு இருந்தோம்."

முதல்ல காசுக் கணக்கு: எந்த மெடலுக்குப் பணம், எதுக்கு இல்லை

இதைத் தெளிவாச் சொல்லிடுறேன். நிறைய வாட்ஸ்அப் ஃபார்வர்டு இதில்தான் குழப்புது.

மெடல்களை மூணு வகையாப் பிரிச்சுக்கோங்க.

1. தேதியால் வருபவை. அந்தத் தேதியில் பணியில் இருந்தாலே போதும். சங்கிராம் மெடல், சுதந்திர ஆண்டுவிழா மெடல்கள், 9, 20, 30 ஆண்டு நீண்ட சேவை மெடல்கள் இந்த வகை.

2. இடத்தால் வருபவை. குறிப்பிட்ட போர்க்களத்தில், எல்லையில், மலை உயரத்தில் இருந்திருக்கணும். பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், சியாச்சின் மெடல், ஹை ஆல்டிட்யூட் மெடல் இந்த வகை.

3. வீரச் செயலுக்கு வருபவை. பரம் வீர் சக்ரா, அசோக் சக்ரா, மஹா வீர் சக்ரா, கீர்த்தி சக்ரா, வீர் சக்ரா, சௌரிய சக்ரா, வீரத்துக்கான சேனா மெடல்.

முதல் ரெண்டு வகைக்கும் மாசாமாசம் பணம் கிடையாது, வரிச் சலுகையும் கிடையாது. மரியாதை மட்டும்தான். மூணாவது வகைக்குத்தான் பணம். 2017 ஆகஸ்ட் 1 முதல் மாத அலவன்ஸ் இப்படி: பரம் வீர் சக்ரா 20,000 ரூபாய், அசோக் சக்ரா 12,000, மஹா வீர் சக்ரா 10,000, கீர்த்தி சக்ரா 9,000, வீர் சக்ரா 7,000, சௌரிய சக்ரா 6,000, வீரத்துக்கான சேனா மெடல் 2,000. விருது பெற்றவர் காலமானபின் மனைவிக்கும் இது தொடரும்.

வரிக்கு வருவோம். 1961 வருமான வரிச் சட்டத்தில் 10(18) பிரிவு. பரம் வீர், மஹா வீர், வீர் சக்ரா மற்றும் அரசு அறிவித்திருக்கிற வீர விருதுகள் பெற்றவரோட முழு பென்ஷனுக்கும், அவருக்குப் பின் வரும் குடும்ப பென்ஷனுக்கும் வரி இல்லை. கவனிங்க: பென்ஷனுக்குத்தான். எஃப்.டி. வட்டிக்கோ வாடகைக்கோ இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அந்தத் தேதிக்குப் பிந்தைய வருமானத்துக்குப் பிரிவு எண் மாறும்.

இதில் ஒரு சின்ன வார்த்தைக்கு எவ்வளவு மதிப்புன்னு பாருங்க. சேனா மெடல் ரெண்டு காரணத்துக்குத் தருவாங்க. ஒண்ணு வீரச் செயல், இன்னொண்ணு சிறப்பான பணி. அலவன்ஸ் வீரத்துக்கானதுக்கு மட்டும்தான். வரிச் சலுகைக்கும் அது வீரத்துக்கான விருதுதான்னு படைத் தலைமையகச் சான்று வேணும். ரெக்கார்டில் வெறுமனே "சேனா மெடல்"னு எழுதி, "வீரத்துக்காக" என்கிற சொல் விட்டுப்போயிருந்தா? வருஷத்துக்கு 24,000 ரூபாயும் பென்ஷன் வரிவிலக்கும் ஒரு வார்த்தையில் தொங்குது. இப்படி ஒண்ணு உங்க வீட்டுப் பெட்டியில் இருந்தா, இந்தக் கட்டுரையை மூடிட்டு இன்னிக்கே வேலையை ஆரம்பிங்க.

அதே சமயம், சங்கிராம் மெடலை வச்சுக்கிட்டு 10(18) க்ளெய்ம் பண்ணாதீங்க. தவறான தகவல் கொடுத்து வருமானத்தைக் குறைச்சுக் காட்டினா, அந்த வரியில் 200 சதவீதம் அபராதம். உண்மையில் அதுக்குத் தேவையும் இல்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரைக்கும் ரிபேட், பென்ஷனுக்கு 75,000 ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் தனி. சிப்பாய், ஹவில்தாரா ரிட்டயர் ஆன பெரும்பாலான தாத்தாக்களுக்கு வரியே வராது.

"அப்போ எதுக்கு சார் இந்த மெனக்கெடல்?"ன்னு அந்தத் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அதுக்குக் கடைசியில் வர்றேன்.

ரீகன்சிலியேஷன் போடுங்க

பேங்க் ரீகன்சிலியேஷன் பண்ணியிருப்பீங்க. நம்ம புக்கில் என்ன இருக்கணும், பாஸ்புக்கில் என்ன இருக்கு, வித்தியாசம் எங்கே. அதேதான் இங்கேயும். ஒரு தாள் எடுத்து, சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, இருந்த இடங்கள் மூணையும் எழுதுங்க. பிறகு இந்தப் பட்டியலோட ஒப்பிடுங்க:

• 1965 போர்: போர்ப் பகுதியில் இருந்தவங்களுக்கு சமர் சேவா ஸ்டார், அந்தச் சமயத்தில் பணியில் இருந்தவங்களுக்கு ரக்‌ஷா மெடல்.

• 1971 போர்: பணியில் இருந்தவங்களுக்கு சங்கிராம் மெடல், கிழக்குப் போர்க்களத்துக்குப் பூர்வி ஸ்டார், மேற்குக்குப் பஸ்சிமி ஸ்டார்.

• 1972 ஆகஸ்ட் 15 அன்னிக்குப் பணியில் இருந்தாரா? சுதந்திர வெள்ளிவிழா மெடல். 1997 ஆகஸ்ட் 15? பொன்விழா மெடல். 2022 ஆகஸ்ட் 15? 75-வது ஆண்டு மெடல்.

• 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப் படை: ஸ்பெஷல் சர்வீஸ் மெடல், "ஸ்ரீலங்கா" பட்டையோடு.

• 1999 கார்கில்: போர்ப் பகுதியில் இருந்தவங்களுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார், மத்தவங்களுக்கு ஆபரேஷன் விஜய் மெடல். 2001-02: ஆபரேஷன் பராக்ரம் மெடல்.

• சர்வீஸ் 9 வருஷம், 20 வருஷம், 30 வருஷம் தாண்டினா அதுக்கான நீண்ட சேவை மெடல்.

ஒவ்வொண்ணுக்கும் எத்தனை நாள், எந்த எல்லைக்குள் என்கிற நிபந்தனை தனியா உண்டு. அதைத் தீர்மானிக்க வேண்டியது ரெக்கார்ட் ஆபீஸ். நம்ம வேலை கேள்வியைச் சரியாக் கேட்கிறது.

இந்தத் தாத்தாவுக்கு வந்த வித்தியாசம் மூணு. சங்கிராம் மெடல், வெள்ளிவிழா மெடல், பூர்வி ஸ்டார். முதல் ரெண்டும் தேதி சம்பந்தப்பட்டது. சேர்ந்த தேதியும் விலகிய தேதியுமே சாட்சி. மூணாவது இடம் சம்பந்தப்பட்டது. அங்கேதான் சிக்கல்னு அப்பவே தெரிஞ்சுது.

பிழை எங்கே இருக்கு?

டிஸ்சார்ஜ் புக் என்கிறது நம்ம கையில் இருக்கிற காப்பி மாதிரி. மூலம் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கு. ஜவான்களுக்கு அதுக்குப் பேர் ஷீட் ரோல். அதில் ஒரு வரி ஏறணும்னா, யூனிட் முதல்ல பார்ட் டூ ஆர்டர் போட்டிருக்கணும். கல்யாணம், குழந்தை, பிரமோஷன், மெடல் எல்லாமே அந்த ஆர்டர் வழியாத்தான் ரெக்கார்டுக்குள் போகும்.

அதனால ரெண்டு சூழ்நிலை வரலாம். ஒண்ணு, ஷீட் ரோலில் மெடல் இருக்கு, டிஸ்சார்ஜ் புக்கில் எழுத விட்டுட்டாங்க. இது எழுத்தர் வேலை, சுலபமா முடியும். ரெண்டாவது, ஷீட் ரோலிலேயே இல்லை. அப்போ நீங்கதான் ஆதாரம் கொடுக்கணும்.

எதுன்னு தெரிஞ்சுக்க ஒரு வழி ஆர்.டி.ஐ. கட்டணம் 10 ரூபாய். "என்னுடைய ஷீட் ரோலில் மெடல்கள் பதிவான பக்கத்தின் நகலும், அதற்கான பார்ட் டூ ஆர்டர் எண், தேதியும் தேவை"ன்னு கேளுங்க. 30 நாளில் பதில் தரணும். விண்ணப்பம் தாத்தா பேரில், தாத்தா கையெழுத்தில் இருக்கட்டும். பேரன் பேரில் போட்டா, இது இன்னொருத்தரோட தனிப்பட்ட தகவல்னு மறுக்க இடம் இருக்கு.

யாருக்கு எழுதணும், எப்படி எழுதணும்

படைப்பிரிவுக்கு ஒரு ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.க்கு செகந்திராபாத், டி.எஸ்.சி.க்கு கண்ணூர். எதுன்னு டிஸ்சார்ஜ் புக்கிலேயே இருக்கும்.

நேரா எழுதலாம். ஆனா மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியா அனுப்பினா நல்லது. கயத்தாறுக்காரங்களுக்கு அது தூத்துக்குடி. அங்கே விண்ணப்பத்தைப் பார்த்து, நகல்களைச் சரிபார்த்து, ஒரு முகப்புக் கடிதத்தோடு அனுப்புவாங்க. அந்தக் கடிதத்துக்கு மதிப்பு உண்டு.

விண்ணப்பம் ஒரு பக்கம் போதும். கதை எழுத வேண்டாம். ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், படைப்பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய தேதி. கீழே மூணு கட்டம் போட்ட அட்டவணை: எந்த மெடல், ஏன் தகுதி, என்ன ஆதாரம். கடைசியில் ஒரே கோரிக்கை: "இவற்றை என் சர்வீஸ் ரெக்கார்டில் பதிந்து, டிஸ்சார்ஜ் புக்கில் திருத்தம் செய்து தரவும். தகுதி இல்லையெனில் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்." கடைசி வரியை விட்டுடாதீங்க. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இணைக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் புக் நகல், பி.பி.ஓ. நகல், ஆதார், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை. ஆதாரம்னு சொல்றது எதுவா இருந்தாலும் சரி. யூனிட் முத்திரை குத்தின பழைய லீவ் சர்டிஃபிகேட், ஆஸ்பத்திரிச் சீட்டு, இடமாற்ற உத்தரவு, கூட இருந்த சிப்பாய் நோட்டரி முன்னிலையில் கொடுக்கிற வாக்குமூலம்.

மூலப் பிரதியை எங்கேயும் கொடுத்துட்டு வந்துடாதீங்க. ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் பண்ணின பிறகுதான் எதுவா இருந்தாலும். ஒரிஜினல் கேட்டாங்கன்னா நல அலுவலகம் வழியா ரசீதோட அனுப்புங்க.

எங்க பக்கத்துக்காரங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை.

ஒண்ணு, பெயர். வேல்சாமி என்கிற பேரை எழுத்தர் ஒருத்தர் "வேலுசாமி"ன்னு எழுதியிருப்பார், இன்னொருத்தர் "பேல்சாமி"ன்னு எழுதியிருப்பார். நம்ம இனிஷியலை அவங்க பேருக்குப் பின்னாடி அப்பா பேரா விரிச்சு எழுதியிருப்பாங்க. ஆதாரோட ஒத்துப்போகாது. எழுத்து வித்தியாசத்தை விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்க. எல்லாக் கடிதத்திலும் ஆர்மி நம்பரை முதல்ல எழுதுங்க. பேர் மாறினாலும் நம்பர் மாறாது.

ரெண்டு, மாவட்டம். அந்தக் காலத்து டிஸ்சார்ஜ் புக்கில் "திருநெல்வேலி மாவட்டம், கோவில்பட்டி தாலுகா"ன்னு இருக்கும். ஆதாரில் "தூத்துக்குடி மாவட்டம், கயத்தாறு தாலுகா". வெளி மாநிலத்தில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கிறவருக்கு இது ரெண்டு வேற ஊர். 1986 அக்டோபர் 20-ல் திருநெல்வேலியிலிருந்து மாவட்டம் பிரிஞ்சது, பிறகு கயத்தாறு தனி தாலுகா ஆச்சுன்னு ஒரு வரி சேர்த்துடுங்க. எங்க விண்ணப்பத்திலும் சேர்த்தோம்.

பதில் வரலைன்னா?

ரெண்டு மாசம் பார்த்து ஒரு நினைவூட்டல். பிறகு மத்திய அரசோட ஆன்லைன் குறைதீர் தளத்தில் புகார். அதுக்கும் அசையலைன்னா, "என் விண்ணப்பத்தின் மீது என்ன நடவடிக்கை"ன்னு ஒரு ஆர்.டி.ஐ.

மறுத்துப் பதில் வந்தா? அங்கேதான் "எழுத்தில் காரணம்" உதவும். 2007 சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையில் கிளை இருக்கு. இறுதி உத்தரவு வந்த ஆறு மாசத்துக்குள் அங்கே போகணும். கையில் உத்தரவே இல்லாம வாயால் "முடியாது"ன்னு சொன்னாங்கன்னா எதை எதிர்த்துப் போவீங்க?

கோர்ட் வரைக்கும் போறது எவ்வளவு நீளம்னு ஒரு நிஜ உதாரணம். 1999 கார்கில் போரில் படாலிக் பகுதியில் 70-வது பிரிகேடை வழிநடத்தினவர் பிரிகேடியர் தேவிந்தர் சிங். போருக்குப் பின் எழுதப்பட்ட அறிக்கையில் தன் பங்கு தவறாப் பதிவாகியிருக்குன்னு போராடினார். 2010-ல்தான் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்னு, ஆவணத்தைத் திருத்தச் சொன்னது. ஒரு பிரிகேடியருக்கே 11 வருஷம். நம்ம தாத்தாக்கள் கிட்ட அவ்வளவு வருஷம் இல்லை.

புரோக்கர்கள் பத்தியும் சொல்லணும். "மெடல் வாங்கித் தரேன், பென்ஷன் ஏத்தித் தரேன்"னு யாராவது வந்தா, ஸ்பர்ஷ் பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எதையும் கொடுக்காதீங்க. இது எல்லாமே கையெழுத்தும் ஸ்பீட் போஸ்ட் செலவும்தான். கடையில் மெடல் வாங்கி மாட்டிக்கிறதும் வேண்டாம். ரெக்கார்டில் இல்லாத மெடல் நெஞ்சில் இருந்தா, இருக்கிற நிஜ மெடலுக்கும் மரியாதை போயிடும்.

இன்னொண்ணு: வீர விருதைத் "திருத்தம்" மூலமாப் புதுசா வாங்க முடியாது. ஏற்கெனவே அரசிதழில் வந்த விருது ரெக்கார்டிலோ பி.பி.ஓ.விலோ ஏறலைன்னாதான் திருத்தம். அப்படி இருந்தா அரசிதழ் நகலோட ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்க. அவங்க மூலமா பிரயாக்ராஜ் பென்ஷன் அலுவலகத்திலிருந்து திருத்திய பி.பி.ஓ. வரும்.

ஏன் இப்பவே?

பென்ஷன் இல்லாம வெளியே வந்தவங்களோட சர்வீஸ் ஆவணங்களை 25 வருஷத்துக்குப் பிறகு அழிச்சிடலாம்னு ராணுவ விதி இருக்கு. லாங் ரோல்னு ஒரு பதிவேடு மட்டும் நிரந்தரமா இருக்கும். அதில் விவரம் கொஞ்சம்தான். பென்ஷன் வாங்கறவங்க ஆவணம் அதைவிட நீண்ட காலம் இருக்கும். ஆனா காகிதம் காகிதம்தான்.

1973 ஜூலை 12-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து ராணுவ ஆவணக் காப்பகத்தில் தீப்பிடிச்சது. ஒரு கோடியே 60 லட்சத்துக்கும் மேலான ஃபைல்கள் போச்சு. 1912 முதல் 1960 வரைக்கும் தரைப்படையிலிருந்து வெளியே வந்தவங்க ஆவணத்தில் சுமார் 80 சதவீதம் சாம்பல். அதுக்கப்புறம் அங்கே மெடல் கேட்டுப் போன குடும்பங்களுக்குப் பெரிய துணை, வீட்டுப் பெட்டியில் இருந்த பழைய தாள்கள்தான். அதனால சொல்றேன், திருத்தம் பிறகு, ஸ்கேன் முதல்ல. கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர், இன்னொரு காப்பி உங்க அண்ணன் தங்கச்சி கிட்ட.

தீயைவிட வேகமாப் போறது மனுஷ சாட்சி. அதைத்தான் நாங்க பார்த்தோம்.

என்ன ஆச்சு?

விண்ணப்பம் அனுப்பி, ஒரு நினைவூட்டல், ஒரு ஆர்.டி.ஐ. எல்லாம் சேர்த்து பத்து மாசம். பதில் வந்தது. சங்கிராம் மெடல், வெள்ளிவிழா மெடல் ரெண்டும் பதியப்பட்டது. பூர்வி ஸ்டாருக்கு, குறிப்பிட்ட காலத்தில் அந்தப் பகுதியில் இருந்ததற்கான ஆவணம் இல்லைன்னு எழுதியிருந்தாங்க.

ஆவணம் இல்லைன்னா ஆள் வேணும். தாத்தாவோட கூட அகர்தலாவில் இருந்தவர், ஒரே கூடாரத்தில் படுத்தவர், கேரளாக்காரர். பழைய பொங்கல் வாழ்த்து ஒண்ணில் அவர் விலாசம் இருந்தது. தம்பி ரெண்டு நாள் அலைஞ்சு நம்பர் கண்டுபிடிச்சுப் பேசினார். போனை எடுத்தது மகள். அப்பா போன வருஷம்தான் தவறிட்டார்னு சொன்னாங்க. ஒரு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா ஒரு பக்க வாக்குமூலம் கிடைச்சிருக்கும்.

72-ல் இருந்த ஆஸ்பத்திரியோட பதிவைத் தேடி இன்னொரு கடிதம் போட்டிருக்கோம். எந்த இடத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்தாங்கன்னு அதில் இருந்தா வழி பிறக்கும். கிடைக்கும்னு நான் உறுதி சொல்லலை.

அந்தப் பதில் கடிதத்தைத் தாத்தாவுக்குப் படிச்சுக் காட்டினப்போ நானும் இருந்தேன். ரெண்டு வந்ததுக்குச் சந்தோஷமா, ஒண்ணு வராததுக்கு வருத்தமான்னு முகத்தில் தெரியலை. கண்ணாடியைப் போட்டுத் தானே ஒருக்கா படிச்சார். பிறகு சொன்னார்:

"நான் அங்க இருந்தேன்னு எனக்குத் தெரியும்லா தம்பி. இவன் பிள்ளைக்குத் தெரியணும்லா."

"எதுக்கு சார் இந்த மெனக்கெடல்?"னு பேரன் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்கிட்ட இல்லை. இந்த ரெண்டு மெடலால் அந்த வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட வரலை. ஆனா "சும்மா கதை"ன்னு இருந்தது இப்போ முத்திரை குத்தின பதிவு. போன ஆகஸ்ட் 15-ல் ஊர் ஸ்கூலில் கொடியேத்தக் கூப்பிட்டிருந்தாங்க. நாலு மெடலோட போனார். பேரன் சென்னையிலிருந்து ராத்திரி பஸ் பிடிச்சு வந்து நின்னார்.

உங்களுக்கும் ஒரு சர்வீஸ் ரெக்கார்டு இருக்கு

யூனிட் மாறினப்போ தாத்தாவுக்கு விட்டுப்போனது போல, கம்பெனி மாறினப்போ உங்களுக்கும் விட்டுப்போகலாம். இ.பி.எஃப். போர்ட்டலில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்க. பழைய கம்பெனி விலகிய தேதி போட்டிருக்கா? பேர், பிறந்த தேதி ஆதாரோட ஒத்துப்போகுதா? பழைய பி.எஃப். கணக்கு புதுசோட சேர்ந்திருக்கா? மாத பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும். நடுவில் மூணு வருஷம் காணாமப் போனா, 58 வயசில் யாரைத் தேடுவீங்க? அந்தக் கம்பெனி அப்போ இருக்குமா?

இந்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ செய்ய வேண்டியது

1. பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., பழைய கடிதம், போட்டோ பின்பக்கம் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணுங்க.

2. அவரை உட்கார வச்சு, எந்த வருஷம் எங்கே இருந்தார், கூட யார் இருந்தாங்கன்னு போனில் ரெக்கார்டு பண்ணுங்க.

3. மேலே சொன்ன பட்டியலோட ஒப்பிட்டு, விட்டுப்போனதை எழுதுங்க.

4. கூட இருந்தவங்களில் யார் இன்னும் இருக்காங்கன்னு பாருங்க. வாக்குமூலம் முதல்ல வாங்குங்க.

5. விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து வாங்கி, நல அலுவலகத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க.

மொத்தச் செலவு 500 ரூபாய்க்குள் முடியும். நேரம் ரெண்டு நாள்.

விண்ணப்பத்தில் அந்த அட்டவணையை எப்படி நிரப்புறதுன்னு அடுத்த வீடியோவில் ஸ்க்ரீனில் காட்டுறேன். அதுக்குள்ள நீங்க தாத்தாவுக்கு ஒரு போன் போட்டு, "சேர்ந்த தேதி என்ன தாத்தா?"ன்னு கேட்டு வைங்க.